டிவி பாட்டுப் போட்டிக்குக் கிளம்பும் முன்

கடலூர் சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயில் கச்சேரிக்குப் போனாலும் மேடைக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்கள். ஒரு பெண், ஒரு பையன், இல்லையென்றால் அவர்களுடைய அம்மா. "அக்கா, ஆடிஷன் போறோம், என்ன பண்ணணும்னு சொல்லுங்க." பின்னால் ரிதம் பேட் அடிக்கிற சத்தத்தில் நான் சொல்வதில் பாதி அவர்கள் காதில் விழாது. எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

நான் வண்டிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சனி ஞாயிறுகளிலும் திருவிழா மாதங்களிலும் லைட் மியூசிக் ட்ரூப்பில் பாடுகிறேன். ஒரு தமிழ்ச் சேனலின் பாட்டுப் போட்டியில் சில ரவுண்டுகள் தாண்டிவிட்டு வந்தேன். எந்தச் சேனல் என்பது இங்கே வேண்டாம். 2006-ல் சூப்பர் சிங்கர் தொடங்கியதிலிருந்து இது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது, எந்த ஷூட்டிங் ஃப்ளோருக்குப் போனாலும் வேலை நடக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குரலை எல்லோரும் தயார் செய்துகொண்டுதான் போகிறார்கள். தங்கள் கதையைத்தான் யாரும் தயார் செய்துகொண்டு போவதில்லை. அங்கே இரண்டும் வேண்டும். இரண்டாவதை நீங்கள் தயார் செய்யாவிட்டால் அவர்கள் செய்துகொள்வார்கள்.

ஆடிஷன்

இப்போதெல்லாம் முதல் கட்டம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவது. ட்ராக் போடாமல், எக்கோ வைக்காமல், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து பாடி அனுப்புங்கள். பல்லவிக்கு முன்னால் "வணக்கம், என் பெயர்..." என்று நீட்டி முழக்க வேண்டாம். கேட்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனையோ கேட்கிறார். முதல் வரியிலேயே குரல் தெரிய வேண்டும்.

ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் அது ஆடிஷன் இல்லை. "ரிஜிஸ்ட்ரேஷன்", "போர்ட்ஃபோலியோ", "நேரா மூணாவது ரவுண்டு" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, ஜிபே பண்ணாதீர்கள்.

நேரில் கூப்பிட்டால் டோக்கன் வாங்கி, ஃபாரம் நிரப்பி, கூட்டத்தோடு காத்திருக்க வேண்டும். உள்ளே டிவியில் பார்க்கிற நடுவர்கள் இருக்க மாட்டார்கள். இசை தெரிந்த இரண்டு மூன்று பேரும், நிகழ்ச்சிக் குழுவிலிருந்து ஒருவரும் இருப்பார்கள். அந்த ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுதிக்கொண்டே இருப்பார். உங்கள் பாட்டை மற்றவர்கள் கேட்கிறார்கள், உங்களை அவர்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது பத்துப் பாட்டாவது பட்டியல் போட்டுக் கையில் இருக்கட்டும். எம்.எஸ்.வி. காலத்து மெலடி ஒன்று, எண்பதுகளின் இளையராஜா ஒன்று, ரஹ்மான் ஒன்று, குத்துப்பாட்டு ஒன்று, நாட்டுப்புறம் ஒன்று. எல்லாமே உச்சஸ்தாயிப் பாட்டாக இருந்தால் கத்தத்தான் தெரியும் என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம், ஆசையாகத் தேர்ந்தெடுத்த பாட்டை டிவியில் பாட முடியாமலும் போகலாம். ஒளிபரப்பு உரிமை கிடைக்காத பாட்டு என்றால் "வேற சொல்லுங்க" என்பார்கள். அதற்குத்தான் பத்து.

உங்கள் சுருதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "கொஞ்சம் இறக்கி வாசிங்க அண்ணா" என்று நம்ம ட்ரூப்பில் சொல்வது அங்கே எடுபடாது. ஐந்து கட்டை என்றால் கீபோர்டுக்காரருக்கு ஜி, நாலு கட்டை என்றால் எஃப். ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் இதை எழுதி வைத்திருந்தால் ஒத்திகையில் பாதி நேரம் மிச்சம். மேடையில் பாடிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கரண்ட் போனாலும், மைக் கூவினாலும், முன்வரிசையில் சண்டை நடந்தாலும் நாம் பாடியிருக்கிறோம். சபா பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் வர நாளாகிறது.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக வரும். பெரும்பாலும் ஷூட்டிங் பரபரப்பின் நடுவில்தான் நீட்டுவார்கள். முன்கூட்டியே மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள். ஊரில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டி, நாலு விஷயத்தை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: எவ்வளவு நாளைக்கு வேறு சேனலில் தலைகாட்டக் கூடாது, அந்த நாட்களில் மேடைக் கச்சேரி பாடலாமா, முடிவை வெளியே சொன்னால் அபராதம் எவ்வளவு, எடுத்த காட்சியை எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம் என்று எழுதியிருக்கிறதா. கடைசியாகச் சொன்னது கண்டிப்பாக இருக்கும். அதை மாற்ற முடியாது, தெரிந்துகொண்டு போவது நல்லது.

நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் வயிற்றுப்பாடு. ஆடி மாதமும் மாசி மகமும் சித்திரைத் திருவிழாவும்தான் கச்சேரிக்காரர்களின் அறுவடை. அந்த நேரத்தில் "வெளியே பாடக் கூடாது" என்று கட்டிப்போட்டால், வாங்கிய அட்வான்ஸை எல்லாம் திருப்பித் தர வேண்டியிருக்கும். நான் கேட்டேன். கோயில் நிகழ்ச்சி பாடலாம், ஆனால் வீடியோ எடுத்து யூடியூபில் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். வாயால் சொன்னதை நம்பாதீர்கள். இன்றைக்கு உங்களிடம் பேசுகிற தம்பி அடுத்த மாதம் வேறு நிகழ்ச்சிக்குப் போயிருப்பார்.

ஏ.வி.

நீங்கள் பாடும் முன் உங்கள் வீடு, அம்மா, தெரு எல்லாம் சோகமான வயலினோடு ஓடுமே, அதற்குப் பெயர் ஏ.வி. ஒரு பாட்டு மூன்று நிமிடம். ஏ.வி.யும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஓடும். எனவே பாட்டுக்குக் கொடுக்கிற அக்கறையை இதற்கும் கொடுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கேமராவோடு வந்த குழுவின் முதல் கேள்வி, "அக்கா, தானே புயல்ல வீடு போச்சா?" சென்னையில் இருக்கிறவர்களுக்குக் கடலூர் என்றால் 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், அவ்வளவுதான். போனவர்களுக்குப் போனதுதான், அதில் விளையாட்டு இல்லை. முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் ஒரே நாளில் சாய்ந்து எழுந்திருக்கவே முடியாமல் போனவர்கள் பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ பேர். ஆனால் எங்கள் வீட்டில் கூரைத் தகடு நாலு பறந்தது, அப்பா அதைப் பொங்கலுக்குள் மாற்றிவிட்டார். அதைச் சொன்னேன். இயக்குநர் தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "சரிக்கா, தேவனாம்பட்டினம் பீச்சுல கடலைப் பார்த்துக்கிட்டே தனியா நடங்க" என்றார். நான் அந்தக் கடற்கரைக்குப் போவதே மாசி மகத்தன்று கூட்டத்தோடு கூட்டமாகத்தான்.

இப்படி வரும் என்று ட்ரூப்பில் மூத்த பாடகர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் என்ன கொடுப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். நான் கொடுத்தது தையல் மெஷினை. கச்சேரி முடிந்து விடியற்காலையில் வேனில் வந்து இறங்குவது, குளித்துவிட்டு நேராகக் கடையைத் திறப்பது, பிளவுஸ் வெட்டிக்கொண்டே பாட்டு நெட்டுருப் போடுவது. போட்டிக்குப் போடப்போகிற பிளவுஸை நானே தைப்பதை எடுத்தார்கள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அப்பாதான் என்னை முதன்முதலில் மேடை ஏற்றியவர், அதையும் சொன்னேன். அவர்களுக்கும் நல்ல காட்சி கிடைத்தது, எனக்கும் கடைக்கு ஆள் வந்தது.

கொடுக்கக் கூடாதவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் இரண்டு: என் கல்யாணம், தம்பியின் உடல்நிலை. இரண்டையும் கேட்டார்கள், ஒரே ஆள் அல்ல. ஃபாரத்தில் ஒருமுறை, போனில் ஒருமுறை, மேக்கப் போடும்போது சும்மா பேசுவது போல ஒருமுறை. எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "அதைப் பத்தி நான் பேசறதில்லை." கோபப்படாமல், காரணம் சொல்லாமல். காரணம் சொன்னால் அந்தக் காரணமே ஏ.வி. ஆகிவிடும்.

பேட்டி எடுக்கிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. நீங்கள் பதில் சொல்லி முடித்த பிறகும் அடுத்த கேள்வி கேட்காமல் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு அந்த மௌனம் தாங்காது, எதையாவது சொல்லி நிரப்புவோம். அந்த எதையாவதுதான் டிவியில் வரும். பதில் முடிந்ததா, சிரித்துக்கொண்டு நீங்களும் அவரைப் பாருங்கள். யார் முதலில் கண் இமைக்கிறார்கள் பார்ப்போம்.

அழுகை வந்தால் அடக்க வேண்டியதில்லை. ஆனால் எதற்காக அழுகிறீர்கள் என்பதை அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "அப்பா ஞாபகம் வந்துடுச்சு சார்" என்று ஒரு வரி. சொல்லாவிட்டால் எடிட்டர் உங்கள் கண்ணீருக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் பேட்சில் ஒரு பெண் ஏப்பம் அடக்கிக் கண் கலங்கியதைப் புரோமோவில், இன்னொருத்தி வெளியேறுவதற்காக அழுவது போலப் போட்டார்கள். பார்க்கிறவர்கள் அவளுடைய நல்ல மனசைப் பாராட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

ஃப்ளோரில் ஒரு நாள்

கால் டைம், அதாவது வரச் சொன்ன நேரம், காலை ஏழு என்றால் ஏழுக்கே போய்விடுங்கள். ஆனால் உங்கள் பாட்டு மத்தியானம் வரலாம், நள்ளிரவும் ஆகலாம். ஒரே நாளில் இரண்டு எபிசோட் எடுப்பார்கள், இடையில் உடை மாற்ற வேண்டும். ஷூட்டிங் முடிந்தது என்று பேக்அப் சொல்லும்போது விடியற்காலை மூன்றாகியிருக்கும். சென்னைக்கு 180 கிலோமீட்டர்தானே, ஓடி வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தூக்கமில்லாமல் ஈ.சி.ஆரில் பஸ் ஏறினால் மறுநாள் தொண்டை கட்டிவிடும். பேக்அப் முடிந்து எங்கே தங்குவது என்பதை முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

பெண்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். சிறுபிள்ளைகளுக்குத்தான் துணை என்று சொன்னாலும் விடாதீர்கள். பாட்டு பற்றிப் பேச வேண்டும், தனியாக வா என்று யார் கூப்பிட்டாலும், அவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், போக வேண்டாம். அதனால் ஒரு ரவுண்டு போகிறதென்றால் போகட்டும்.

ஃப்ளோரில் ஏ.சி. எலும்பைக் குடையும். கேமராவும் லைட்டும் சூடாகாமல் இருக்க அப்படி வைக்கிறார்கள். சால்வை, சாக்ஸ், வெந்நீர் பிளாஸ்க், பனங்கற்கண்டு, அதிமதுரம், ஊக்கு ஒரு அட்டை. சாப்பாடு வரும், ஆனால் பாடுவதற்கு முன் தயிர்சாதம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

துணி விஷயம் என் தொழில் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். நெருக்கமான கோடும் பொடிக்கட்டமும் கேமராவில் நெளியும், தவிர்த்துவிடுங்கள். பளீர் வெள்ளை, கம்பெனிப் பெயர் போட்ட டீ-ஷர்ட் இரண்டையும் திருப்பி அனுப்புவார்கள். அக்குளில் வியர்வை தெரியாத நிறமாகப் பாருங்கள், ஏ.சி. இருந்தாலும் பயத்தில் வியர்க்கும். முக்கியமானது மைக் பெட்டி. காலர் மைக்கின் பேட்டரிப் பெட்டி இடுப்பில்தான் நிற்க வேண்டும். புடவை என்றால் பாவாடையில் செருகலாம். தொளதொள கவுன் என்றால் உள்ளே ஒரு பெல்ட் தைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாட்டின் நடுவில் பெட்டி தொங்கும்.

அந்த மைக் நீங்கள் பாடாதபோதும் ஆன்தான். கழிப்பறைக்குப் போகும்போதும், பக்கத்தில் இருப்பவரிடம் நடுவரைப் பற்றி முணுமுணுக்கும்போதும் சவுண்ட் ரூமில் ஹெட்போன் போட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். போகும் முன் ஆஃப் பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் கேட்பதுதான்.

ரியாக்‌ஷன் தனியாக எடுப்பார்கள். "கை தட்டுங்க, இப்போ அதிர்ச்சி, இப்போ சோகம், ஒன் மோர்." இப்படி எடுத்த முகங்கள் எந்தப் பாட்டுக்கு வேண்டுமானாலும் ஒட்டப்படும். நடுவர் முகம் சுளித்ததும் உங்களுக்காக இல்லாமல் இருக்கலாம். புரோமோ பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ரிசல்ட் சொல்லும்போது தொகுப்பாளர் இடைவெளி விடுவாரே, டிவியில் நாம் திட்டுவோமே, நேரில் அது இன்னும் நீளம். முட்டியை இறுக்கி நிற்காமல் லேசாக மடக்கி நில்லுங்கள். இறுக்கினால் மயக்கம் வரும்.

பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் போகக் கூடாது. படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பிள்ளைக்கு வருகிற பணத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரிலேயே வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதி சேனலுக்கு மட்டுமில்லை, நமக்கும்தான். இரவு பதினொரு மணிக்குத் தூங்கி வழிகிற பிள்ளையை உலுக்கி எழுப்பிப் பாட வைக்கும் அம்மாக்களை நானே பார்த்திருக்கிறேன். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்ட ஒரு அப்பாவையும் பார்த்தேன். அன்று அவர் பிள்ளையின் பாட்டைத்தான் முதலில் எடுத்து முடித்தார்கள்.

ஷூட்டிங்குக்கும் ஒளிபரப்புக்கும் நடுவில்

யாரும் சொல்லித் தராத கட்டம் இது. நீங்கள் வெளியேறி ஊருக்கு வந்து மெஷினை மிதித்துக்கொண்டிருப்பீர்கள். டிவியிலோ நீங்கள் இன்னும் ஜெயித்துக்கொண்டிருப்பீர்கள். பால்காரர் "நீங்கதான் ஃபைனல்" என்பார். கோயில் கமிட்டிக்காரர் ஃபைனலிஸ்ட் ரேட்டில் அட்வான்ஸ் கொடுக்க வருவார். கோவிலில் யாரோ உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு விபூதி கொண்டுவந்து தருவார். உண்மையைச் சொன்னால் ஒப்பந்தத்தை மீறியதாகும், பொய் சொன்னால் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும். "டிவியில பாருங்க" என்ற ஒரே பதிலை ஒரே சிரிப்போடு சொல்லப் பழகுங்கள். ஜெயித்திருந்தாலும் அதே சிரிப்பு, இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். யார் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். என் மாமியார் தங்கமானவர், ஆனால் அவரிடம் சொன்னது புதுப்பாளையம் வரை போக அரை மணி நேரம் ஆகாது. கமிட்டிக்காரர் அட்வான்ஸை மட்டும், "ஒளிபரப்பு முடியட்டும் அண்ணே, அப்புறம் பேசிக்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள்.

வெளியேறுகிற எபிசோட் வரும் அன்று வீட்டில் கூட்டம் சேர்க்காதீர்கள். போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். யூடியூப் கமெண்ட்டை அவர்கள் படித்து, வேண்டியதை மட்டும் சொல்லட்டும். என் பாட்டைவிட என் நிறத்தையும் எடையையும் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார்கள் என்று தம்பி பிறகு சொன்னான். பாட்டைப் பற்றி ஒருவர் உருப்படியாக எழுதியிருந்தார், சரணத்தில் மூச்சு எடுக்கிற இடம் தப்பு என்று. அது சரியாகவே இருந்தது.

ஓட்டு போடும் கட்டம் வரை போனால் ஃபிளெக்ஸ் வைக்க ஆட்கள் வருவார்கள். நண்பர்கள், கட்சிக்காரர்கள், கடைசியாக சாதிச் சங்கத்துக்காரர்கள். "நம்ம பொண்ணு" என்பார்கள். காபி கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு பேனரில் உங்கள் பாட்டு பாதிப் பேருடைய பாட்டாகச் சுருங்கிவிடும். மாநகராட்சி அனுமதி இல்லாமல் பேனர் வைத்தால் அபராதம் வேறு.

பணம்

பேட்டாவும் பயணப்படியும் தருவார்கள், சில இடங்களில் எபிசோடுக்கு ஒரு தொகையும் உண்டு. அதில் 10 சதவீதம் வரி பிடித்திருந்தால், வருமானம் வரம்புக்குள் இருக்கிறவர்கள் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் கார்டு கையில் இருக்கட்டும்.

பரிசுத் தொகை அப்படியில்லை. டிவி போட்டியில் ஜெயித்த பணத்துக்கு நேராக 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. பத்து லட்சம் ஜெயித்தால் 3,12,000 ரூபாய் போய்விடும். வேறு வருமானமே இல்லை என்றாலும் விலக்குக் கிடையாது, தைத்த துணிச் செலவையும் கழிக்க முடியாது. பரிசு காராகவோ வீடாகவோ இருந்தால் வரியைக் கட்டினால்தான் சாவி கைக்கு வரும். அதனால் ஜெயித்த அன்றே கடன்காரர்களுக்குத் தேதி சொல்லாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

நோட்டீஸில் பெயருக்கு முன்னால் "டிவி புகழ்" என்று அடிப்பார்கள். அதில் சேனல் சின்னத்தைப் போட ஒப்பந்தம் விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கமிட்டிக்காரர்கள் கேட்காமலே போட்டுவிடுவார்கள். ரேட்டைக் கூட்டுங்கள், தப்பில்லை. அடுத்த சீசன் தொடங்கும் வரைக்கும்தான் அந்த ரேட். ஆனால் உங்களுக்குக் கூட்டும்போது கீபோர்டுக்காரருக்கும் பேட்காரருக்கும் சேர்த்துக் கேளுங்கள். டூயட் பாடுகிற அண்ணன் பெயரை நோட்டீஸில் சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அதை மாற்றச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

போகும் முன் ஒருமுறை பாடிக் காட்ட வேண்டும், சுருதி பார்க்க வேண்டும் என்றால் சாயங்காலம் கடைக்கு வரலாம். ஒப்பந்தம் இருந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் வேண்டாம், பிளவுஸ் மலையாகக் குவிந்திருக்கும்.